மூன்றாவது வசனம்

ஆக்லாந்தில் இருந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இராசரத்தினம் என்றால் ஆளைத் தெரியாது. ‘நொத்தாரிசையா’ என்றால் உடனே தெரியும். வாடகை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போனால், செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நாலு பேர் கும்பிடுவார்கள். மனுஷன் நொத்தாரிசு இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை. சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவர், அவ்வளவுதான். முதல் தடவை ஒருவர் அப்படிக் கூப்பிட்டபோது திருத்தினார். இரண்டாம் தடவையும் திருத்தினார். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டு பேசாமல் நின்றார். மனுரேவாவில் ஒரு களஞ்சியத்தில் நாலு வருடம் பெட்டி அடுக்கி முதுகை முறித்துக்கொண்ட மனிதருக்குச் சும்மா ஒரு பட்டம் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நொத்தாரிசு என்றால் எங்கள் சனத்துக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காணி விற்றாலும், மகளுக்குச் சீதனம் எழுதினாலும், வீட்டை ஈடு வைத்தாலும் உறுதி எழுதுகிறவர் அவர்தான். எழுதியதை இரண்டு பக்கத்தாரையும் இருத்தி, உரத்து வாசித்து, விளங்கப்படுத்திவிட்டுத்தான் பேனாவை நீட்டுவார். பிழை வந்தால் அவருடைய கழுத்துக்குத்தான் கத்தி. அதனால் கையெழுத்து வைக்கிறவர்கள் கடதாசியைப் பார்ப்பதில்லை, நொத்தாரிசின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கிளாக்கரின் வேலை, வைக்க வேண்டிய இடத்தில் விரலை ஊன்றி, ‘நல்லது, வையுங்கோ’ என்று சொல்வது. நல்ல சொல் ஒன்று காதில் விழாமல் எங்கள் ஆட்களுக்குக் கை பேனாவுக்கு வராது. இருபத்திரண்டு வருடத்தில் இராசரத்தினம் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

முதுகு போன பிறகு, தொண்ணூற்று மூன்றில், நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை கிடைத்தது. முதலாளியின் பெயர் கிரேக். அங்கே எல்லோரும் அவரைக் கிரேக் என்றே கூப்பிட்டார்கள். இராசரத்தினத்துக்கு நாக்கு வளையவில்லை. மிஸ்டர் கிரேக் என்று கூப்பிட்டு ஒரு வழியாகச் சமாளித்தார். வீட்டின் மேல் கடன் கொடுக்கிற ஒரு நிதிக் கம்பெனிக்கு அந்த அலுவலகம் வேலை செய்தது. கடன் எடுத்தவர்களில் தமிழர்கள் கூடக் கூட, பகலில் நகரத்துக்கு வந்து கையெழுத்து வைக்க நேரமில்லாதவர்களின் வீட்டுக்குப் பேப்பர்களோடு போக ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழ் தெரிந்த ஆள் தபால் அறையிலேயே இருந்தார்.

கிரேக் அவரைப் பக்கத்தில் இருத்தி மூன்று வசனங்களைச் சொல்லிக் கொடுத்தார். அதை ஒரு அட்டையில் டைப் அடித்தும் கொடுத்தார். இராசரத்தினம் அட்டையின் மறுபக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். நீங்கள் கையெழுத்து வைப்பதைப் பார்க்க மட்டுமே நான் வந்திருக்கிறேன் என்பது முதலாவது. இந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது, அது உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது இரண்டாவது. விளங்காத ஒன்று இருந்தால் இன்றைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம், பேப்பரை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள், நான் இன்னொரு நாள் வருகிறேன் என்பது மூன்றாவது. கடைசியில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். மூன்றையும் அவர்களுடைய மொழியில் சொன்னேன், அவர்களுக்கு விளங்கியது என்று அதில் இராசரத்தினம் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் இரண்டு வசனமும் அலுவலகத்தைக் காப்பாற்ற எழுதியவை. மூன்றாவது ஒன்றுதான் கடன்காரனைக் காப்பாற்ற எழுதியது.

அவர் மூன்றையும் ஒழுங்காகத்தான் சொல்லி வந்தார். கேட்கிற சனம்தான் கேட்கவில்லை. பூசை முடிய வாசிக்கிற அறிவித்தலைக் கேட்பதுபோல் ‘ஓம் ஐயா, ஓம் ஐயா’ என்று தலையாட்டிவிட்டு, நீங்கள் பார்த்தால் சரிதானே என்பார்கள். நான் பார்ப்பதற்கில்லை என்று இவர் சொன்னால், நொத்தாரிசையாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று தேத்தண்ணி ஊற்றுவார்கள். சிலர் பேப்பரின் மூலையில் மஞ்சள் பூசிவிடுவார்கள். அலுவலகத்தில் இது என்ன கறை என்று கேட்டபோது, எங்கள் ஆட்கள் சமையல் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று இவர் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்.

தொண்ணூற்றைந்து நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ரானுயியில் கேதீஸ்வரன் வீட்டுக்குப் போனார். கேதீஸ்வரன் ஊரில் இன்ஜினியராக இருந்து இங்கே கூரியர் வான் ஓட்டியவன். மனைவி சுகந்தினி முதியோர் இல்லமொன்றில் கிழவிகளைக் குளிப்பாட்டுகிற வேலை செய்தாள். இரண்டு பேரும் ஆறு வருடம் உழைத்து வாங்கிய மூன்று அறை வீடு அது. இப்போது கேதீஸ்வரன் இன்னொருவனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு டெய்ரி எடுக்கப் போகிறான். பாலும் பாணும் பேப்பரும் விற்கிற மூலைக் கடை. கூட்டாளி ஒரு சதமும் போடவில்லை, அனுபவத்தைப் போடுகிறானாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போனது? ஆனால் வான் ஓட்டி ஓட்டிச் சலித்தவனுக்கு நெய் வடிவதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இராசரத்தினம் அன்றைக்குப் பிந்திப் போனார். நெடுஞ்சாலையில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. பத்தேகாலுக்கு உள்ளே நுழைந்தபோது சுவாமி படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. கேதீஸ்வரன் மணிக்கூட்டுக்கு நேரே நின்றான். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். அரசாங்கம் கோடைக்கென்று மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த மாதம் அது. ராகுவும் நியூசிலாந்து அரசாங்கம் சொன்ன மணிக்கே நடக்கிறார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இராசரத்தினத்துக்கும் இல்லை. ராகுகாலத்தில் உறுதி முடித்த நொத்தாரிசை அவர் கண்டதே இல்லை.

பேப்பர்களை விரித்தார். கடவுச்சீட்டுகளைப் பார்த்து இலக்கங்களை எழுதிக்கொண்டார். முதல் வசனத்தைச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். அப்போது சுகந்தினி நாலாம் பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஐயா, இதில எங்கட வீடு வருதோ? இவர் கடைக்கு மட்டும் எண்டுதான் சொன்னவர்.”

வந்தது. நாலாம் பக்கத்தில் மூன்றாம் பந்தியில் வந்தது. கடைக்கு எடுத்த கடனுக்கு மட்டுமல்ல, கூட்டாளி அந்தக் கம்பெனியிடம் முன்னம் எடுத்த கடன், இனி எடுக்கப்போகிற கடன் எல்லாவற்றுக்கும் அந்த வீடு ஈடாக நின்றது. இருபத்திரண்டு வருடம் ஈட்டு உறுதி பார்த்த கண்ணுக்கு அது நட்ட நடுவே தெரிந்தது.

“அதை நான் சொல்லேலாது பிள்ளை,” என்றார். அது சட்டப்படி சரியான பதில். அதற்குப் பிறகு வரவேண்டியது மூன்றாவது வசனம்.

“ராகு துவங்க இன்னும் ஆறு நிமிசந்தான் ஐயா,” என்றான் கேதீஸ்வரன்.

சுகந்தினி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். விரல் தானாகப் போய் வைக்க வேண்டிய இடத்தில் ஊன்றியது. வாய் தானாகத் திறந்தது.

“நல்லது பிள்ளை, வையுங்கோ.”

அவள் வைத்தாள். கேதீஸ்வரனும் வைத்தான். மூலையில் மஞ்சள் பூசினார்கள். இராசரத்தினம் தன் துண்டில் மூன்று வசனமும் சொன்னதாகக் கையெழுத்து வைத்து, தேத்தண்ணியும் குடித்து, சூசியமும் சாப்பிட்டுவிட்டு வந்தார். மனம் உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சின்ன முள். நெடுஞ்சாலைக்கு ஏறுவதற்குள் மறந்துவிட்டார்.

கூட்டாளி ஒன்றரை வருடத்தில் அவுஸ்திரேலியாவுக்கு ஓடினான். அவனுடைய கடனும் சேர்ந்து ரானுயி வீட்டின் தலையில் விழுந்தது. தொண்ணூற்றேழு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுகந்தினி இராசரத்தினத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வேலைச் சட்டையோடு வந்திருந்தாள். இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். அவருடைய மனைவி வசந்தமலர் கதிரையை இழுத்துப் போட்டும் அவள் அதில் இருக்கவில்லை.

நின்றபடியே சொன்னாள். அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி வீடு ஏலம். கேதீஸ்வரன் பேச்சை நிறுத்திவிட்டான். வானையும் விற்றாயிற்று, பகல் முழுக்கப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். இலவசமாகச் சட்டம் பார்க்கிற இடத்தில் ஷாரோன் என்று ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை வழக்கறிஞராக இருக்கிறாள். அவள் பேப்பர்களைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். புருஷனின் தொழிலுக்காக மனைவி வீட்டை ஈடு கொடுத்தால், சொந்தமாக ஒரு வழக்கறிஞரைப் பார் என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கம்பெனியின் பிடி அவளைப் பொறுத்தமட்டில் தளரும், ஏலத்தை நிறுத்தக் கேட்கலாம். ஆனால் சொன்னதாக ஒரு துண்டு இருக்கிறது. அதில் இராசரத்தினத்தின் கையெழுத்து இருக்கிறது.

“அந்தத் துண்டை ஷாரோன் வாசிச்சுக் காட்டினவ ஐயா. மூண்டு வசனமாம். நான் ரெண்டுதான் கேட்டனான்.” சுகந்தினி அழவில்லை. “காசு கேட்டு வரேல்லை. நீங்க நல்லது எண்டு சொன்னபடியால்தான் வைச்சனான். அண்டைக்குச் சொன்னதையும் சொல்லாததையும் எழுதித் தாங்கோ, அது போதும்.”

இராசரத்தினம், யோசித்துச் சொல்கிறேன் பிள்ளை என்றார். அவள் தலையாட்டிவிட்டு பஸ்சுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் வசந்தமலர் தொடங்கினாள். வசந்தமலர் கெட்டவள் இல்லை. ஆனால் அறுபத்தொரு வயதில் வேலை போனால் இன்னொரு வேலை வராது என்று கணக்குத் தெரிந்தவள். அவர்களுடைய சின்ன வீட்டுக்கும் மோட்கேஜ் இன்னும் எட்டு வருடம் இருந்தது. பொய்த் துண்டில் கையெழுத்து வைத்ததென்று தெரிந்தால் வேலையோடு போகுமா, பொலிசு வரைக்கும் போகுமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

“சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டு இருங்கோ,” என்றாள். “பேப்பரில உங்கட கையெழுத்துக் கிடக்குது. அதைவிட ஆர் சாட்சி? நல்லது எண்டு சொன்னது ஒரு குற்றமோ?”

குற்றமில்லைதான். இருபத்திரண்டு வருடம் அது குற்றமாக இருந்ததில்லை. ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு முன்னால் நொத்தாரிசு முழு உறுதியையும் வாசித்து விளங்கப்படுத்தியிருந்தார். இங்கே வாசிக்கவும் ஆளில்லை, விளங்கப்படுத்தவும் ஆளில்லை. வெறும் ‘நல்லது’ மட்டும் இருந்தது. இதை அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. தனக்கே அப்போதுதான் முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை கிரேக் அவரை அறைக்குக் கூப்பிட்டார். ஷாரோனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. மேசையில் அந்தப் பழைய பேப்பர்கள், மூலையில் மஞ்சள் வெளிறிப்போய்க் கிடந்தன. கிரேக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. ராஜ், நீங்கள் வழக்கம்போல எல்லாவற்றையும் அவளிடம் சொன்னீர்கள்தானே என்று சிரித்த முகத்தோடு கேட்டார். நம்புகிற மனிதனின் முகம் அது. இராசரத்தினத்தின் வாயிலிருந்து ‘யெஸ்’ என்று வந்துவிட்டது. சரி, அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், அவசரமில்லை, இந்தக் கிழமைக்குள் போதும் என்றார் கிரேக்.

முன்னம் எழுத்தில் ஒரு பொய். இப்போது வாயிலும் ஒன்று. மூன்றாவதும் எழுதிவிட்டால் பிறகு திரும்பி வர வழி இல்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் கடிதம் பிரித்தார், முத்திரை ஒட்டினார், யாருக்கு எது போகவேண்டும் என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். எழுதித் தருவதாகச் சொன்ன பக்கத்தை இரண்டு தரம் தொடங்கிக் கிழித்தார். கிரேக் கேட்டபோது முதுகு நோவு என்றார். முதுகும் உண்மையிலேயே நொந்தது.

இடையில் ஷாரோனைப் போய்ப் பார்த்தார். இருபத்தெட்டு வயதுப் பெண், காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இவர் பெயரைச் சொன்னதும் எழுந்தாள். இவர் கதிரையில் இருப்பதற்கு முன்னமே சொன்னாள்.

“அங்கிள், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் சுகந்தினியோட லாயர், உங்க லாயர் இல்ல. நீங்க இங்க சொல்றது உங்களுக்கே எதிராப் போகலாம். வேற ஒரு லாயரைப் பார்த்துக் கேட்டுட்டு, அப்புறமா வந்து பேசுங்க.”

இராசரத்தினம் கதவடியிலேயே நின்றார். கேள்வி கேட்பதற்கு முன்னமே அந்தப் பெண் மூன்றாவது வசனத்தைச் சொல்லிவிட்டாள். எதிரிக்கும் சொன்னாள். அவர் வந்த வழியே திரும்பிவிட்டார். வேறு வழக்கறிஞரிடமும் போகவில்லை. போனால் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்வார்கள், அதற்கு மனைவி சொல்வது போதாதா?

சனிக்கிழமை பகல் காரை எடுத்துக்கொண்டு ரானுயிக்குப் போனார். எதற்குப் போனார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வேலியில் ஏலப் பலகை நின்றது. மூன்று அறை, வெயில் படுகிற வளவு, பள்ளிக்கூடம் பக்கத்தில் என்று எழுதியிருந்தது. கதவைத் தட்டினார். கம்சாயினி திறந்தாள், சுகந்தினியின் மகள், பதின்மூன்று வயது. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், அப்பா படுத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அவருடைய சேர்ட்டையும் கையில் இருந்த பையையும் பார்த்துவிட்டு, வீட்டைப் படமெடுக்க வந்தவரா என்று கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் அடுக்கி வைக்கச் சொன்னாள், தன்னுடைய அறை மட்டும்தான் இன்னும் முடியவில்லை, பத்து நிமிடம் நிற்க முடியுமா என்று கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் கூடம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. சுவாமி படம் கழற்றப்பட்டு, சுவரில் நாலு ஆணி மட்டும் நின்றது. சாமி படம் இருந்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதென்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தச் சுவருக்கு முன்னால்தான் விளக்கு எரிந்தது, அந்த மேசையில்தான் அவர் விரலை ஊன்றினார். படமெடுக்க வரவில்லை மகள், பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று இராசரத்தினம் சொல்லிவிட்டு நடந்தார். அதுவும் ஒரு பொய். காருக்குள் இருந்து அழுதார். தாய் செத்ததற்கும் அப்படி அழாத மனிதர், பட்டப் பகலில் தெருவோரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு விக்கி விக்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து எழுதினார். இந்தத் தடவை கிழிக்கவில்லை. கிளாக்கரின் எழுத்து, கோடு பிசகாத எழுத்து. அன்றைக்கு நேரம் எத்தனை, யார் எங்கே நின்றார்கள், முதலாவது வசனம், இரண்டாவது வசனம், அவள் கேட்ட கேள்வி, தான் சொன்ன ‘நல்லது’, சொல்லாத மூன்றாவது வசனம், ராகுகாலத்துக்குப் பயந்தது, சொன்னதாக வைத்த பொய்க் கையெழுத்து, கிரேக்கிடம் சொன்ன யெஸ், எல்லாம் வரிசையாக வந்தது. வசந்தமலர் பின்னால் நின்று வாசித்தாள். வாசித்து முடியக் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

எழுதினால் மட்டும் போதாது, சத்தியக் கடதாசியாக ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஷாரோன் தொலைபேசியில் சொன்னாள். இங்கே அவர்களை ஜே.பி. என்பார்கள். சம்பளம் வாங்காமல் ஊருக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிற மனிதர்கள். ஹென்டர்சன் நூலகத்தில் ஒரு ஜே.பி. வெள்ளிக்கிழமைகளில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பார். வருகிற வெள்ளி பின்னேரத்துக்குள் நீதிமன்றத்தில் கொடுத்தால்தான் ஏலத்துக்கு முன் எடுப்பார்கள்.

“பத்தரையிலிருந்து பன்னிரண்டோ,” என்றாள் வசந்தமலர். “முழுக்க ராகு.”

“ஓம்,” என்றார் இராசரத்தினம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவள் வாசல்வரை வந்து, காருக்குள் தண்ணிப் போத்தலை வைத்தாள்.

நூலகத்தில் குழந்தைப் புத்தகங்கள் இருக்கிற மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பது அவள் பென்சில்களை அடுக்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது. ஷாரோனும் சுகந்தினியும் வெளியில் ஒரு மர வாங்கில் இருந்தார்கள். உள்ளே வரவேண்டாம் என்று ஷாரோன்தான் சொல்லியிருந்தாள், பக்கத்தில் நின்று எழுதுவித்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

கிழவி பேப்பரை வாங்கி, எத்தனை பக்கம் என்று பார்த்தாள். அவருடைய லைசென்சைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி, மேசையில் வைத்துவிட்டு, அவருடைய முகத்தை நேரே பார்த்து ஆறுதலாகச் சொன்னாள். நீங்கள் கையெழுத்து வைப்பதைப் பார்க்க மட்டும்தான் நான் இருக்கிறேன். இதில் எழுதியது உங்களுக்கு நல்லதா கூடாதா என்று என்னால் சொல்ல முடியாது. இதில் உங்களைக் கஷ்டத்தில் மாட்டுகிற ஏதும் இருந்தால், அல்லது கொஞ்சமாவது தயக்கம் இருந்தால், இன்றைக்கு வைக்க வேண்டாம். எடுத்துக்கொண்டு போய் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வாருங்கள். நான் அடுத்த வெள்ளியும் இங்கேதான் இருப்பேன்.

அவசரப்படுத்தவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், அவர்களையும் பார்க்கவில்லை. இராசரத்தினம் சுவரில் இருந்த மணிக்கூட்டை, அவள் சொல்லத் தொடங்கியபோது பார்த்ததுபோல், மறுபடியும் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். வைக்க வேண்டிய இடத்தை யாரும் விரலால் காட்டவில்லை, நல்லது என்று யாரும் சொல்லவில்லை. தன் பெயரை முழுவதும் எழுதினார்.

வெளியில் வந்தபோது சுகந்தினி எழுந்து நின்றாள். ஷாரோன் பேப்பரை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினாள். ஏலம் நிற்குமா, வீடு மிஞ்சுமா என்பதை அவளாலும் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை தனக்கு வேலை இராது என்பது மட்டும் இராசரத்தினத்துக்கு நிச்சயமாகத் தெரியும்.

“கனநேரம் உள்ளுக்கு நிண்டிட்டீங்கள்,” என்றாள் சுகந்தினி. “உங்களைக் கையெழுத்து வைக்க விடாமல் ஏதோ கேக்கினம் எண்டு பயந்துபோனன்.”

“அந்த மனுசி மூண்டு வசனத்தையும் சொன்னவ பிள்ளை. நான் உமக்குச் சொல்லாததையும் சேர்த்து.”

சுகந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலைச் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று தொங்கியது.

“அண்டைக்கு அதைச் சொல்லியிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன் ஐயா,” என்றாள். “அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?”

உள்ளே அவர் மணிக்கூட்டைப் பார்த்தது, கிழவி அதைச் சொல்ல எடுத்த நேரத்தைக் கணக்குப் பார்க்கத்தான். அன்றைக்கு ராகு தொடங்க ஆறு நிமிடம் இருந்தது.

“அரை நிமிசமும் எடுக்காது பிள்ளை,” என்றார்.